காலத்தை முந்தும் எட்டு சென்ட்



சேற்றில் கால் வைத்து நிற்கிற உங்களிடம் இன்றைக்குப் பனிக்கட்டி விழுகிற ஊரைப் பற்றி முதலில் பேசப் போகிறேன். "தஞ்சாவூருக்கும் பனிக்கட்டிக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. கடைசியில் பேச்சு நம்ம நாற்றங்காலில்தான் வந்து நிற்கும். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

இந்தியாவின் வடக்குக் கோடியில் லடாக் இருக்கிறது. அங்கே லே என்கிற ஊர் கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் தண்ணீர் உறையும் நிலைக்கும் கீழே இருபது டிகிரி வரைக்கும் குளிர் இறங்கும். வெளியிலே வெள்ளாமை வைக்க ஆண்டில் நாலைந்து மாதம்தான் கிடைக்கும். மற்ற மாதங்களில் மண்ணே கல்லாகிக் கிடக்கும். அந்த ஜனங்கள் உருளைக்கிழங்கையும் முள்ளங்கி, டர்னிப் மாதிரியான கிழங்குகளையும் குழியில் போட்டு மூடி வைத்து, கீரையை உலர்த்தி வைத்து, அதைக் கொண்டுதான் குளிர்காலத்தை ஓட்டினார்கள்.

1962-ம் ஆண்டில் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறை லேயில் ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கியது. எல்லையில் நிற்கிற நம்ம படைவீரர்களுக்குப் பச்சைக் காய்கறி வேண்டுமே! அந்த முயற்சியும் பிற்பாடு வந்த தொண்டு நிறுவனங்களின் முயற்சியும் சேர்ந்து, அடுப்பு இல்லாத பசுமைக்குடில் என்கிற ஒன்று லடாக் கிராமங்களில் பரவிவிட்டது.

அதன் அமைப்பு ரொம்ப எளிது. வடக்கு, கிழக்கு, மேற்கு மூன்று பக்கமும் பச்சை மண் கல்லால் கனமான சுவர். சுவரை இரட்டையாக எழுப்பி, நடுவிலே வைக்கோல் மாதிரி ஏதாவது அடைத்துவிடுவார்கள். தெற்குப் பக்கம் மட்டும் பாலித்தீன் தாள். குளிர்காலத்துச் சூரியன் தெற்கே சாய்ந்து வருகிறதல்லவா, அந்த வெயில் முழுவதும் உள்ளே விழும். பின்சுவரின் உட்புறத்தில் கறுப்புச் சாயம் பூசியிருப்பார்கள். பகலெல்லாம் சுவரும் மண்ணும் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். ராத்திரி அந்தச் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். தாளின் மேல் இரவில் ஒரு துணி மூடி. விறகு வேண்டாம், மின்சாரம் வேண்டாம். வெளியே பனி உறைந்து கிடக்க, உள்ளே கீரையும் கொத்தமல்லியும் தழைக்கும். வசந்த காலம் வருவதற்கு முன்னாலேயே தக்காளி, முட்டைக்கோஸ் நாற்றை உள்ளே விட்டுத் தயாராக வைத்திருந்து, பனி விட்டவுடன் வெளியே எடுத்து நட்டுவிடுவார்கள். வடகிழக்குச் சீனாவிலும் இதே முறைதான். அங்கே தாளின் மேலே வைக்கோல் பாயைச் சுருட்டி வைத்து, சாயங்காலம் விரித்துவிடுவார்கள்.

முந்திக்கொண்டவன் கதை

பருவத்தை முந்த வேண்டும் என்கிற ஆசை உழவனுக்கு நேற்று வந்ததல்ல. பிரான்சு நாட்டில் பதினான்காம் லூயி மன்னருக்காக 1678 முதல் 1683 வரை வெர்சாயில் ஒரு காய்கறித் தோட்டம் போட்டார்கள். மன்னர் சாப்பாட்டு மேசைக்கு மார்ச் மாதக் கடைசியிலேயே ஸ்ட்ராபெரிப் பழம் வந்ததாம். 19-ம் நூற்றாண்டில் பாரிஸ் நகரைச் சுற்றியிருந்த தோட்டக்காரர்கள் ஒவ்வொரு செடிக்கும் மணி வடிவத்தில் ஒரு கண்ணாடிக் கவிப்பு கவிழ்த்தார்கள். குதிரை லாயத்து எருவைப் பாத்திக்கு அடியில் புதைத்து, அது மக்கும்போது வருகிற சூட்டில் நாற்று வளர்த்தார்கள். முதல் சரக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தவன் நல்ல விலை பார்த்தான். பத்து நாள் பிந்தி வந்தவன் எல்லாரோடும் சேர்ந்து மலிவாக விற்றான்.

நம்ம நாட்டில் ஊட்டிக்குப் போனவர்கள் இதன் சின்னச் சாயலைப் பார்த்திருக்கலாம். அங்கே உறைபனிக் காலம் வந்துவிட்டால் தாவரவியல் பூங்காவின் பூ நாற்றுகளை மிலார் செடிகளால் கூரை மாதிரி மூடி வைப்பார்கள். ஒரு கை தழைதான். அதற்குக் கீழே இருக்கிற நாற்று பிழைத்துக்கொள்ளும்.

இந்தக் கதைகள் எல்லாவற்றுக்கும் அடியிலே ஒரே ஒரு கணக்குத்தான் இருக்கிறது. பயிர் குழந்தையாக இருக்கும்போது கொஞ்ச இடம்தான் கேட்கும். ஒரு ஏக்கருக்கு வேண்டிய நாற்று ஒரு முற்றத்துக்குள் அடங்கிவிடும். ஏக்கர் முழுவதையும் குளிரிலிருந்து காக்க யாராலும் முடியாது. முற்றத்தைக் காக்க முடியும். முற்றத்தைக் காத்தால் மூன்று வாரம் மிச்சம்.

குளிர் நாட்டிலே இல்லாத பொருள் சூடு. அதனால் அவர்கள் அந்த முற்றத்துக்குள் சூட்டைக் கட்டி வைத்தார்கள். தஞ்சாவூரில் மே, ஜூன் மாதத்தில் சூட்டுக்கா பஞ்சம்? வேண்டிய மட்டும் இருக்கிறது. நமக்கு இல்லாத பொருள் தண்ணீர். ஆறு வருகிற வரைக்கும் வயல் வெடித்துக் கிடக்கும். அந்தச் சமயத்தில் நாமும் ஒரு முற்றத்தை மட்டும் நனைத்துக் காக்கிறோம். அதற்குப் பெயர்தான் நாற்றங்கால். நம்ம பேச்சில் நாத்தாங்கால்.

இடத்தைக் காபந்து செய்து பயிர் வைப்பது டெல்டாவுக்குப் புதிதும் அல்ல. கும்பகோணம், திருவையாறு பக்கத்து வெற்றிலைக் கொடிக்காலைப் பாருங்கள். முதலில் அகத்தியைப் போட்டு வளரவிட்டு, அந்த நிழலுக்குள்ளே வெற்றிலைக் கொடியை ஏற்றுகிறார்கள். வெயிலை வடிகட்டி, ஈரத்தைப் பிடித்து வைத்து, உள்ளே தனி ஒரு தட்பவெப்பத்தை உண்டாக்குகிறார்கள். கண்ணாடியும் இல்லை, தாளும் இல்லை. செடியே கூரை. கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆறு எப்போது வரும்?

இப்போது நம்ம குறுவைக்கு வருவோம். குறுகிய காலப் பயிர் என்பதால்தான் அதற்கு அந்தப் பெயர். அறுபதாம் குறுவை என்று ஒரு பழைய நெல்லே உண்டு. ஆனால் அந்தக் காலத்தில் குறுவையின் தலையெழுத்து குடகு மலையில் பெய்கிற மழையின் கையில் இருந்தது. தென்மேற்குப் பருவமழை நன்றாக இறங்கினால் ஆனி, ஆடியில் புதுத் தண்ணீர் வரும். ஆடிப்பெருக்கு அன்றைக்கு ஆற்றங்கரையில் சித்ரான்னம் கட்டிக்கொண்டு போய் உட்காருகிறோமே, அது இந்தப் புதுத் தண்ணீருக்குச் செய்கிற மரியாதைதான். மழை பிந்தினால் ஆறும் பிந்தும். ஆற்றிலே வந்ததைத் தேக்கி வைக்க இடம் கிடையாது.

கரிகாலன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிற கல்லணை தண்ணீரைத் திருப்பிவிடுகிற அணை. சேர்த்து வைக்கிற அணை அல்ல. 19-ம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் காவிரி மணல் மேடிட்டு, தண்ணீர் கொள்ளிடத்தின் பக்கமே ஓடத் தொடங்கிவிட்டது. ஆர்தர் காட்டன் 1836-ல் முக்கொம்பில் மேலணையைக் கட்டி அந்தத் தண்ணீரைக் காவிரிக்குத் திருப்பினார். அதனால் டெல்டா பிழைத்தது. ஆனாலும் "ஆத்துல தண்ணி வந்துட்டுதா?" என்கிற கேள்வி மட்டும் போகவில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வந்தது மேட்டூர் அணை. 1925-ல் வேலை தொடங்கி, 1934-ம் ஆண்டு ஆகஸ்டு 21-ம் தேதி திறந்தார்கள். அப்போது சென்னை மாகாண கவர்னராக இருந்த ஸ்டான்லி பெயரை நீர்த்தேக்கத்துக்கு வைத்தார்கள். 120 அடி நீர்மட்டம், 93.47 டி.எம்.சி. கொள்ளளவு. கல்லணையிலிருந்து புது ஆறு வெட்டி, பட்டுக்கோட்டைச் சீமை வரைக்கும் புதிய ஆயக்கட்டும் உண்டானது. அது வரைக்கும் ஆற்றுக்கு நாள் நட்சத்திரம் கிடையாது. அணை வந்த பிறகு ஒரு தேதி வந்தது. ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது என்று வழக்கம் ஏற்பட்டது.

ஆனால் தேதி என்பது ஏட்டில் இருப்பது. 1934 முதல் 2025 வரையுள்ள 92 ஆண்டுகளில், சரியாக ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்தது சுமார் இருபது தடவைதான். அறுபது தடவைக்கு மேல் தாமதம்தான். ஆகவே குறுவைக்காரன் கையில் இருக்கிற ஆயுதம் தேதி அல்ல, நாற்று.

மூன்று வாரத்தின் விலை

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 110 நாள் நெல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 12-ல் மேட்டூரில் திறந்த தண்ணீர் மூன்று நான்கு நாளில் கல்லணைக்கு வரும். அங்கிருந்து ஆறு, கிளை ஆறு, வாய்க்கால், மதகு, மடை என்று பிரிந்து உங்கள் வயலுக்கு ஜூன் 22 வாக்கில் வருகிறது என்று வையுங்கள். அதற்கப்புறம்தான் நாற்றங்காலில் விதை போடுகிறீர்கள் என்றால் அறுப்பு அக்டோபர் 10. கடைமடையில் ஜூலை 5-க்குத்தான் தண்ணீர் வந்தது என்றால் அறுப்பு அக்டோபர் 23. வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20 வாக்கில். கதிர் சாய்ந்த வயலில் மழை இறங்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதையே, கிணற்றிலோ குட்டையிலோ இருக்கிற தண்ணீரை வைத்து ஜூன் 1-ம் தேதி நாற்று விட்டுவிட்டால்? ஆற்றுத் தண்ணீர் வயலுக்கு வரும்போது நாற்றுக்கு வயது 21 நாள். தண்ணீர் வந்ததும் சேடை ஓட்டி, நாற்றைப் பறித்து நட வேண்டியதுதான். அறுப்பு செப்டம்பர் 19. மழைக்கு ஒரு மாதம் முன்னாலேயே நெல் களத்துக்கு வந்துவிடும்.

அந்த மூன்று வாரம் குறுவையை மட்டும் காப்பதில்லை. பின்னால் வருகிற தாளடியையும் காக்கிறது. குறுவை அறுப்பு அக்டோபர் கடைசிக்குத் தள்ளிப் போனால் தாளடி நடவு கார்த்திகை வெள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். பிறகு பால் பிடிக்கிற சமயத்தில் ஜனவரி 28 வந்து ஆற்றை மூடிவிடுவார்கள். முன்னால் போகிற மாடு தடுக்கினால் பின்னால் வருகிற மாடும் தடுக்கும்.

இவ்வளவுக்கும் நீங்கள் நனைக்க வேண்டிய இடம் எவ்வளவு? ஒரு ஹெக்டேர் நடவுக்கு 20 சென்ட் நாற்றங்கால். ஏக்கருக்கு எட்டு சென்ட். நூறு சென்ட்டுக்கு எட்டு சென்ட்! ஒரு ஏக்கரைச் சேடை போட முடியாத சின்னக் குட்டையும் எட்டு சென்ட்டை நனைத்துவிடும். முன்னோர்கள் ஏற்றத்தை வைத்தும் இறைகூடையை வைத்தும் செய்தது இதைத்தான்.

வானொலி நெல்லும் ஈர நெல்லும்

சுதந்திரத்துக்குப் பிறகு குறுவைக்கு யோகம் அடித்தது. 1960-ல் தொடங்கிய தீவிர விவசாய மாவட்டத் திட்டத்தில், நாட்டிலேயே முதலில் தேர்ந்தெடுத்த ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. 1922 முதலே ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருந்துவருகிறது. 1950-களில் ஜப்பான் நெல்லையும் இந்திய நெல்லையும் ஒட்டுச் சேர்க்கும் பெரிய திட்டம் ஒன்று கட்டாக் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தை மையமாக வைத்து நடந்தது. அந்த வழியில் நமக்குக் கிடைத்ததுதான் ஆடுதுறை 27. ஜப்பானின் நோரின் 10, நம்ம ஜி.இ.பி. 24 இரண்டுக்கும் பிறந்த பிள்ளை. 105 நாளில் வரும், உரத்துக்கு நன்றாக மறுமொழி சொல்லும்.

1966-ல் திருச்சி வானொலியில் பண்ணை இல்ல ஒலிபரப்புப் பிரிவு வந்தது. திருச்சி வானொலி இந்த நெல்லைப் பற்றி விடாமல் சொன்னது. சங்குக் குழாய் ஒலிபெருக்கிக்கு அடியிலே கூட்டமாக உட்கார்ந்து கேட்ட விவசாயிகள் மறுநாள் கடையில் போய் "அந்த ரேடியோ நெல்லு இருக்கா?" என்று கேட்டார்கள். ஆடுதுறை 27-க்கு வானொலி நெல் என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஒரு சம்பா மட்டும் கண்ட எத்தனையோ வயல்கள் குறுவை, தாளடி என்று இரண்டு போகம் கண்டன.

ஆனால் ஒரு சிக்கல் கூடவே வந்தது. குறுவைப் பரப்பு பெருகப் பெருக, மழையோடு மழையாக அறுக்கிற நெல்லும் பெருகியது. ஈர நெல் களத்தில் குவிந்து சூடேறி முளைத்தது, பழுத்தது, நாறியது. காயவைக்க வெயில் இல்லை. இந்தத் துன்பத்துக்கு மருந்து தேடித்தான் 1967-ல் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் நெல் பதனிடும் ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். அந்த மையம்தான் பிறகு தஞ்சாவூருக்கு வந்து, வளர்ந்து, இன்றைக்குத் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக நிற்கிறது. யோசித்துப் பாருங்கள். மூன்று வாரம் பிந்திப் போன அறுப்பிலிருந்து ஒரு பெரிய ஆராய்ச்சி நிறுவனமே பிறந்திருக்கிறது!

அந்தத் துன்பம் இன்றைக்கும் தீரவில்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம்தான் விதி. மழையில் அறுத்த குறுவை 20, 22 என்று காட்டும். ஐப்பசி பிறந்தால் ஈரப்பதத்தைத் தளர்த்துங்கள் என்று கேட்பதும், சாலையோரம் நெல்லைக் கொட்டித் தார்ப்பாய் போட்டு மூடுவதும் வருஷா வருஷம் நடக்கிற காட்சிதான். முன்கூட்டி விட்ட நாற்றுக்குக் கிடைக்கிற பரிசு விலையில் ஏற்றம் அல்ல. தள்ளுபடி இல்லாமல் மூட்டை தராசு ஏறுவதுதான் அந்தப் பரிசு.

மோட்டார் வந்த பிறகு

1960-களுக்குப் பிறகு டெல்டாவில் பில்டர் பாயிண்ட் குழாய்க் கிணறுகள் பரவின. ஆற்று மணலுக்கு அடியிலே மேலாகவே ஊற்று கிடைக்கிற இடங்களில் குறைந்த செலவில் குழாய் இறக்கி, ஒரு மோட்டாரை வைத்து இறைத்துவிடலாம். இது வந்த பிறகு ஆற்றுக்கு முன்னால் நாற்று விடுவது சுலபமாயிற்று. 1990-ல் விவசாய மின்சாரம் முழுவதும் இலவசம் ஆனது. மெல்ல மெல்ல எட்டு சென்ட் நனைக்க வந்த மோட்டார், எட்டு ஏக்கரையும் நனைக்கத் தொடங்கியது.

2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கவில்லை. 2012-ல் செப்டம்பர் 17. 2016-ல் செப்டம்பர் 20. 2017-ல் அக்டோபர் 2. அந்த ஆண்டுகளில் குறுவை என்றால் பம்புசெட் குறுவை என்றே ஆகிவிட்டது. அரசாங்கமும் குறுவைத் தொகுப்புத் திட்டம் போட்டு 12 மணி நேரம் மும்முனை மின்சாரம் கொடுத்தது. மோட்டார் உள்ளவர் நட்டார். இல்லாதவர் வானத்தைப் பார்த்தார். பல ஊர்களில் மேல் ஊற்று இறங்கி, பில்டர் பாயிண்டில் காற்று வாங்கி, ஆழ்குழாய்க்குப் போக வேண்டியதாயிற்று.

2020-ல்தான் மறுபடி ஜூன் 12-ல் திறந்தார்கள். 2022-ல் மே 24-லேயே திறந்துவிட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு மே மாதத்தில் திறந்தது அதுதான் முதல் தடவை. 2023-ல் ஜூன் 12-ல் திறந்தும், அணையில் தண்ணீர் போதாமல் அக்டோபர் 10-ல் மூட வேண்டியதாயிற்று. பல இடங்களில் நட்ட குறுவை காய்ந்தது. 2024-ல் ஜூலை 28 வரைக்கும் காத்திருந்தோம். 2025-ல் மறுபடி ஜூன் 12.

இந்தத் தேதிகளை வரிசையாக ஏன் சொல்கிறேன் என்றால், நாற்றங்கால் ஒரு பந்தயம் என்பதைக் காட்டத்தான். பனி நாட்டுக்காரன் பசுமைக்குடிலில் தக்காளி நாற்று விட்டுக் காத்திருக்கிறான். பனி விடவில்லை என்றால் நாற்று மெலிந்து நீண்டு வீணாகும். நமக்கும் அதே கதிதான். குறுகிய கால நெல்லுக்கு நாற்றின் வயது 18 முதல் 22 நாள். அதற்கு மேல் நாற்றங்காலிலேயே நின்றால் முற்றிப் போகும். முற்றின நாற்று நட்டால் தூர் கட்டாது, சீக்கிரமே கதிர் தள்ளும். நாற்றங்கால் மூன்று வாரத்தை வாங்கிக் கொடுக்கும். மூன்று மாதத்தை அதனால் வாங்க முடியாது. ஆறு செய்ய வேண்டிய வேலையை ஆறுதான் செய்ய வேண்டும்.

என்ன செய்யலாம்?

முதலாவது, எல்லா நாற்றையும் ஒரே நாளில் விடாதீர்கள். அணை மட்டத்தைப் பாருங்கள், கர்நாடக அணைகளின் நிலவரத்தையும் கேளுங்கள். நம்பிக்கை அரைகுறையாக இருந்தால் நாற்றங்காலை இரண்டு மூன்று பாகமாகப் பிரித்து, ஒரு வார இடைவெளியில் விடுங்கள். ஒரு பாகம் முற்றினாலும் மற்ற பாகம் கைகொடுக்கும்.

இரண்டாவது, நாற்றங்காலின் அளவையே சுருக்கலாம். இயந்திர நடவுக்கும் திருந்திய நெல் சாகுபடிக்கும் பாய் நாற்றங்கால் போடுகிறார்கள். ஹெக்டேருக்கு நூறு சதுர மீட்டர் போதும். அதாவது ஏக்கருக்கு ஒரு சென்ட்! தாளை விரித்து, மண்ணும் மக்கிய எருவும் கலந்து பரப்பி, முளை கட்டின விதையைத் தூவி, வைக்கோலால் மூடி, பூவாளியில் தண்ணீர் தெளித்தால் 15 நாளில் நாற்று தயார். எட்டு சென்ட்டுக்குத் தண்ணீர் இல்லாதவருக்கும் ஒரு சென்ட்டுக்குத் தண்ணீர் கிடைக்காமலா போகும்? ஆனால் ஒன்று, இந்த நாற்று இளசு. காத்திருக்க வைத்தால் தாங்காது. தண்ணீர் நிச்சயமானதும் விட வேண்டிய நாற்று இது.

மூன்றாவதுதான் முக்கியம். வேதாரண்யம், தலைஞாயிறு பக்கத்துக் கடைமடை விவசாயிக்கு மோட்டார் இருந்தாலும் பிரயோசனமில்லை. நிலத்தடித் தண்ணீர் உப்பு. இளநாற்று உப்பைத் தாங்காது. தண்ணீர் கடைசியில் வருவதும் அவருக்குத்தான், மழை முதலில் அடிப்பதும் அவர் வயலில்தான். அவசரம் அதிகம் உள்ளவருக்குத்தான் முந்துகிற வசதி இல்லை. இதற்குப் பரிகாரமாக வந்ததுதான் சமுதாய நாற்றங்கால். நல்ல தண்ணீர் உள்ள இடத்தில் பல பேருக்கும் சேர்த்து நாற்று விட்டு, ஆற்றுத் தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேருகிற சமயத்தில் நாற்று முடிகளை வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுவது. ஒரு ஏக்கர் அளவுக்குச் சமுதாய நாற்றங்கால் போட்டால் பன்னிரண்டு ஏக்கர் நடலாம்.

உங்கள் ஊரில் நல்ல ஊற்று உள்ள கிணறு இருந்தால், உங்கள் தேவைக்கு மேல் இன்னும் எட்டு சென்ட் சேர்த்து நாற்று விடுங்கள். சும்மா கொடுக்கச் சொல்லவில்லை. நியாயமான விலை வாங்கிக்கொள்ளுங்கள். கடைமடையில் யாருக்கு வேண்டும் என்று சித்திரையிலேயே பேசி வையுங்கள். எந்த ரகம், எத்தனை ஏக்கர், எந்தத் தேதிக்குப் பறிப்பு என்று எழுதி வைத்துக்கொண்டால் கடைசி நேரத்துத் தகராறு வராது. அதே மோட்டாரில் எட்டு ஏக்கரைச் சேடை போட நினைப்பவர் ஒரு நிமிஷம் யோசியுங்கள். அந்தத் தண்ணீரில் ஒரு கிராமத்துக்கே நாற்று விட்டுவிடலாம். ஊற்றும் அடுத்த ஆண்டுக்கு மிஞ்சும்.

லடாக்கில் ஒரு வீட்டுப் பசுமைக்குடிலில் விளைந்த கீரை பக்கத்து வீட்டுக்கும் போகிறது, சந்தைக்கும் போகிறது. டெல்டாவில் ஒரு கிணற்றடியில் வளர்ந்த நாற்று ஐம்பது மைலுக்கு அப்பால் ஒருவர் வயலில் மழைக்கு முன்னால் கதிராகட்டும்.

வைகாசி பிறந்ததும் விதையை எடுத்துப் பாருங்கள். முளைப்புத் திறனைச் சோதித்துக்கொள்ளுங்கள். நாற்றங்காலைக் கோடை உழவு போட்டுக் காயவிடுங்கள். ஆறு வரும்போது நாம் தயாராக இருப்போம்.